ஒன்றுபோல் இருந்தால் ஒன்று போதும்

எங்கள் ஆலடிச்செவலில் ஒரு தட்டு இட்லி வாங்கினால் நாலு இட்லியும் நாலு விதமாக இருக்கும், ஒன்றின் நடுவே விரலால் அமுக்கின குழி, ஒன்றில் கடுகு, ஒன்றில் கறிவேப்பிலை, இன்னொன்று ஒன்றுமே இல்லாமல் வெறும் வெள்ளை, இதென்ன வழக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் இட்லிக்கடை சண்முகத்தாய் சித்தி, "வடக்குத் தெரு ஆவுடைட்ட போய்க் கேளுங்க, அவ பண்ணின வேலை" என்று கரண்டியாலேயே எங்கள் வீட்டுப் பக்கம் காட்டிவிடுவாள், அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நைட்டி தைக்கிற ஊர். வீட்டுக்கு வீடு தையல் மெஷின், தைக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு வெப்சைட், அந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள் நான். நான் படித்தது உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரைக்கும்தான், ஆனால் சங்கத்துக்கு யாரோ இனாமாகக் கொடுத்த கம்ப்யூட்டரில் மவுஸ் வேலை செய்யாது, வேறு வாங்க ஒருத்திக்கும் மனசு வரவில்லை, சரி போ என்று கறுப்புத் திரையில் கட்டளையை எழுதி வேலை வாங்கக் கற்றுக்கொண்டேன், எழுதிய கட்டளைகளைச் சேர்த்துக் கட்டிவைத்தால் அதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர், ஒருமுறை கட்டிவைத்தால் போதும், பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே ஓடிப்போய் வேலையைச் செய்துவிட்டு வரும். போட்டோவைச் சின்னதாக்க ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்த வாயில் நுழையாத பெயரை எடுத்துவிட்டுத் தைத்தவள் பெயரை வைக்க ஒன்று, வெப்சைட் உயிரோடு இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் எட்டிப் பார்க்க ஒன்று, எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைக்க ஒன்று. பிள்ளைகளுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, அதே கையோடு இந்த நாலையும் தட்டிவிட்டு உலை வைக்கப் போவேன்.

போட்டோக்களை நான் தெருத்தெருவாகத்தான் வைத்திருந்தேன், கிணற்றுத் தெரு, கீழத் தெரு, தேர்முட்டித் தெரு, நடுத் தெரு, மேலத் தெரு, வடக்குத் தெரு என்று தெருவுக்கு ஒரு ஃபோல்டர், தெருவுக்குள் வீட்டுக்கு ஒரு ஃபோல்டர், எந்த நைட்டி யார் தைத்தது என்று சண்டை வராமல் இருக்க அதுதான் வழி. ஆனாலும் இவள் அனுப்பிய போட்டோவை அவளும் அனுப்புவாள், அவள் அனுப்பியதையே அவள் நாத்தனாரும் அனுப்புவாள், ஒரே நைட்டி பத்துப் பெயரில் வந்து உட்கார்ந்து டிஸ்க் நிறைந்து வெப்சைட் நொண்ட ஆரம்பித்தது. அதற்காகத்தான் புதிதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது பெயரைப் பார்க்காது, மேல் உறையைப் பார்க்காது, ஒவ்வொன்றையும் உள்ளே திறந்து பார்க்கும், இரண்டு ஒன்றுபோல் இருந்தால் முதலில் பிறந்ததை வைத்துக்கொண்டு அடுத்ததை அழித்துவிடும்.

அன்றைக்குக் காலையில் என் மகள் பூரணிக்கு ஒரு ஜடை பின்னி முடித்து, தாரணிக்கு ஒரு ஜடை பின்னி, திரும்பப் பூரணிக்கு மற்ற ஜடை என்று இரண்டு தலையையும் ஒன்றாகவே ஏற்றிக்கொண்டு வந்த நேரம், நடுவில் ஒரு கையால் அந்தக் கட்டளையை எழுதினேன், ஃபோல்டர் பெயருக்கு முன்னால் வருகிற சாய்ந்த கோட்டைப் போட்டேன், பெயரை எழுதாமலே எண்டரைத் தட்டிவிட்டேன். வெறும் கோடு என்றால் ஆதியிலிருந்து எல்லாமே என்று அர்த்தம். உடனே நிறுத்தினேன், திரை நின்றது, பிளக்கைப் பிடுங்கினேன், கம்ப்யூட்டர் அணைந்தது. ஸ்கிரிப்ட் மட்டும் நிற்கவில்லை. அது அதற்குள் கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது.

கிணற்றுத் தெருவில் முதல் வீட்டுப் பரணில், கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே கிடந்த பால் குக்கர்கள் எல்லாம் ஒரே பால் குக்கராகிவிட்டன, அந்த வீட்டம்மாள் பரணில் இடம் கிடைத்ததே என்று உளுந்து மூட்டையை ஏற்றினாள். அடுத்த வீட்டில் ஒரே படம் போட்ட சுவர்க் கடிகாரங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கடுத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தினமும் ஒரே வார்த்தைகளில் போடுகிற சண்டையில் முந்தின நாள் சண்டை இருக்க, அன்றைக்கு வரவேண்டியது வரவில்லை, இருவரும் வாயைத் திறந்து திறந்து பார்த்துவிட்டுச் சேர்ந்து காபி குடித்தார்கள். ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. ஆவுடையின் கம்ப்யூட்டர் கிணற்றுத் தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்தது கீழத் தெருவாம் என்று, தண்ணீர் லாரி வருவதைச் சொல்வது மாதிரி சொன்னார்கள்.

கீழத் தெருவில்தான் சண்முகத்தாய் சித்தியின் கடை. ஒரே குழித்தட்டில் வெந்த இட்லிகள் தட்டில் வைக்க வைக்க ஒன்றாகிப்போயின, சாப்பிட வந்தவர்கள் ஏமாற்றுகிறாய் என்று சத்தம் போட, அவள் ஆத்திரத்தில் ஒன்றை விரலால் குத்தினாள், குத்தின இட்லி நிலைத்தது, அன்று பிடித்ததுதான் அந்த வழக்கம். பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதின வீட்டுப்பாடமெல்லாம் நோட்டிலிருந்து போய்விட்டது, வாத்தியார் எனக்குக் கும்பிடு போட்டார். கேள்விப்பட்ட வம்பை அப்படியே திருப்பிச் சொன்னால் வார்த்தை வாயிலேயே காணாமல் போனது, அதனால் ஆளுக்கொரு விஷயத்தைக் கூடச் சேர்த்துச் சொல்ல, ஊரில் வம்பு இரட்டிப்பாக வளர்ந்தது. நைட்டிக்குத்தான் பெரிய இடி. டஜன் டஜனாக ஒரே மாதிரி தைத்து அடுக்கி வைத்தால் காலையில் அடுக்கில் ஒன்றே ஒன்று இருக்கும். நடுத் தெரு மாடத்தி மதினிதான் வழி கண்டுபிடித்தாள், நைட்டியின் கீழ்மடிப்புக்குள்ளே, வெளியே தெரியாத இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு தையலை மாற்றிப் போட்டாள், அடுக்கு அப்படியே இருந்தது, மறுநாளிலிருந்து ஊரே அப்படித் தைத்தது.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மாடத்தி மதினியின் ஆடு வரைக்கும்.

அந்த ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது, இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் நெற்றியில் வெள்ளைச் சுட்டி, எது எது என்று தாய்க்கே தெரியாது. ஒரு குட்டியை மதினி தன் மகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள், மகள் இருப்பது மலையடிவாரத்தில், இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். ஸ்கிரிப்ட் நடுத் தெருவில் மதினி வீட்டைக் கடந்தபோது இங்கே தொழுவத்தில் குட்டி பால் குடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தாய் ஆடு திடீரென்று தெற்கே திரும்பி நின்று கத்த ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது, கட்டின கயிறு கட்டினபடியே கிடக்கிறது, முடிச்சுகூட அவிழவில்லை, குட்டியை மட்டும் காணோம் என்று. மதினி என்னைத் திட்டவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "உசுரையும் எண்ணுதுட்டி உன் கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொல்லும்போது அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, என் இரண்டு பக்கமும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாரணியையும் பூரணியையும் பார்த்தது.

என் பிள்ளைகள் இரட்டை. தாரணி முன்னால் வந்தவள், அடுப்பில் பால் பொங்குகிற நேரத்துக்குள் பின்னாலேயே பூரணி. இரட்டைப் பிள்ளைகளுக்கு எதையும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும், ஒருத்திக்குச் செய்து ஒருத்திக்குச் செய்யாவிட்டால் செய்யாத பிள்ளை வாடிப்போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதில் நானும் என் வீட்டுக்காரர் பேச்சிமுத்துவும் ஒரு குறை வைத்ததில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இருவருக்கும் கஷாயம். ஒருத்தி விழுந்து முட்டியில் மருந்து போட்டால் மற்றவளின் நல்ல முட்டியிலும் ஒரு பொட்டு. அவர் கட்டிங் மாஸ்டர், கவுனுக்குத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டையும் வெட்டுவார், அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. ஐந்து வருஷமாக நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த காரியம், இரண்டு பிள்ளைகளையும் உள்ளேயும் ஒன்றாக ஆக்கியதுதான்.

என் ஸ்கிரிப்ட்டில் ஒத்திகை என்று ஒரு வசதி வைத்திருந்தேன், அப்படி ஓடவிட்டால் எதையும் அழிக்காது, எதை அழிக்கும் என்று மட்டும் சொல்லும். வீட்டுக்கு ஓடிவந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, வடக்குத் தெரு, எங்கள் வீடு என்று எழுதி ஒத்திகை பார்த்தேன். திரையில் முதலில் இரண்டு எவர்சில்வர் தூக்குவாளி வந்தது. அதன் கீழே, ஒன்றுபோல் உள்ளன: தாரணி, பூரணி.

எங்கள் வீட்டை விட்டுவிடு என்று ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கிற ஸ்கிரிப்ட், கிளம்பும்போது என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் தெரிந்து வைத்திருக்கும், பின்னால் கூப்பிட்டால் காதில் விழாது. ஒருத்தியை என் அம்மா வீட்டில் விடலாம் என்றால் மலையடிவாரத்து ஆட்டுக்கயிறு கண்முன்னால் நின்றது. ஸ்கிரிப்ட் மேலத் தெருவுக்குள் வந்துவிட்டது, மேலத் தெரு முடிந்தால் வடக்குத் தெரு. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அடுப்பில் வைத்ததை மறந்தேன், வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன், மேலத் தெருவிலிருந்து வருகிறவர்களை நிறுத்தி நிறுத்தி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதா, பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன், அவர்களும், "தண்ணித்தொட்டி தாண்டிட்டு ஆவுடை, எங்க வீட்டுல அரிசி புடைக்க ரெண்டு சொளவு இருந்துச்சு, ஒண்ணு போச்சு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

முதலில் பூரணியின் முடியைக் கட்டையாக வெட்டினேன், பாவாடையை மாற்றினேன், பள்ளிக்கூடத்தில் வேறு பெயர்கூடக் கொடுத்துப் பார்த்தேன். மேல் உறையைப் பார்க்காதே என்று எழுதினவளே நான்தான், ஆனாலும் தாய் மனசு, செய்து பார்த்தது. ஒன்றுபோல் உள்ளன.

பிறகு உள்ளே எதையாவது மாற்றலாம் என்று தாரணிக்குத் தெரியாமல் பூரணிக்கு மட்டும் ஒரு துண்டு அல்வா கொடுத்தேன், பிறந்ததிலிருந்து ஒருத்திக்கு மட்டும் ஒன்றைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் வாயில் போட்டது பாதி. மீதிப் பாதியைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுபோய் அக்காளின் வாயில் வைத்தாள், தாரணி சப்புக்கொட்டியபோது இருவருக்கும் நெய் ஒரே இடத்தில் வழிந்தது. ஒன்றுபோல் உள்ளன.

பங்கு போட முடியாததைக் கொடுக்கலாம் என்று பூரணியை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் கிளம்பும்போது தாரணி கையாட்டவில்லை, அப்பாவின் இடுப்பில் இருந்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றாள், நான் போகும் வழியெல்லாம் அந்த வாயை மறக்க முடியாமல் தவித்தேன். பூரணி அலையில் நின்றாள், விழுந்தாள், உப்புத் தண்ணீரைக் குடித்தாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தாள், சொல்லி முடித்தபோது தாரணி இருமினாள், இருமி உப்புக் கரிக்கிறது என்று தண்ணீர் கேட்டாள், அவள் உதட்டோரம் மணல் இருந்தது. ஒன்றுபோல் உள்ளன.

பேச்சிமுத்துவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில், "ஒண்ணுபோல வளத்தது தப்பா ஆவுடை?" என்று கேட்டார். அவர் புதுத் துணியை எடுத்து, மடிக்காமல் ஒற்றையாக விரித்து, இரண்டு கவுனையும் தனித்தனியாக வெட்டினார், வெட்டுகிறபோது அவர் கோடு முதல்முறையாகக் கோணியது, அது மேல் உறைதான், ஒன்றுக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்கிரிப்ட் எங்கள் தெரு முனைக்கு வந்துவிட்டது, முனை வீட்டில் ஒரே மாதிரி இரண்டு வாழைக்குலைப் படம் மாட்டியிருந்த ஆணிகளில் ஒன்று காலியானது. நான் வாசலில் நிற்க முடியாமல் மாடத்தி மதினி வீட்டுக்கு ஓடினேன். அவள் மெஷினில் இருந்தாள், தாய் ஆடு இன்னும் தெற்கே பார்த்துக்கொண்டுதான் நின்றது. நான் எதைக் கொடுத்தாலும் இதுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன மதினி என்று அழுதேன். அவள் மெஷினை நிறுத்தாமல் கீழ்மடிப்பைத் திருப்பி எனக்குக் காட்டினாள்.

"வெளிய தெரியாண்டாம், இன்னொருத்திக்குப் பங்கு போட்டுக் கொடுக்கவும் ஆவாது. உள்ள ஒரு தையல். அது போதும்."

"அப்படி என்னத்த மதினி அவளுக்குள்ள தைப்பேன்?"

"உன்கிட்ட என்ன இருக்கோ அத."

என்னிடம் என்ன இருந்தது? அந்த வாரம் முழுக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். திரும்பி வரும் வழியில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அது ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியதே இல்லை, ஆனால் வேறு எதுவும் என்னிடம் மிச்சமில்லை. பூரணிக்குக் கொடுத்தால், தான் இல்லாமல் போய்விடுவோம் என்ற பயத்தைத் தானே சுமப்பாள். முன்னால் வந்தவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது நான் எங்கள் தெருக் குழாயடிக்கு வந்திருந்தேன். பூரணி வீட்டில் அப்பாவோடு இருந்தாள். தாரணியைக் கூப்பிட்டு, குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து சொன்னேன், தங்கச்சி உன்னை மாதிரியே இருப்பதால் அவள் இல்லாமல் போய்விடக்கூடும் என்று, நாலே வார்த்தையில், அவளுக்குப் புரிகிற மாதிரி.

அவள் குடத்தில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் உடனே வீட்டுக்கு ஓடுகிற பிள்ளை ஓடவில்லை.

"ம்மா, மாடத்தி அத்தை ஆட்டுக்குட்டி மாதிரியா?"

"ஆமாம்மா."

"பூரணிட்ட சொல்லட்டா?"

"சொன்னா நீங்க மறுபடி ஒண்ணாயிருவீங்க."

அவள் யோசித்தாள். அவளுக்கு ஐந்து வயது, யோசிக்கும்போது கட்டைவிரலைச் சூப்புவாள், அன்று கட்டைவிரலை வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டு இறக்கிவிட்டாள்.

"சொன்னா பயப்படுவா. நான் வச்சுக்கிடுதேன்," என்றாள்.

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, நான் தூக்கவில்லை, அவள்தான் குழாயை மூடினாள்.

வீட்டுக்கு வந்து கை ஈரத்தோடு ஒத்திகையைத் தட்ட உட்கார்ந்தேன், தட்டுவதற்குள் அது வந்துவிட்டது. வேறொன்றுமில்லை, யாரோ அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சின்னக் காற்று, அவ்வளவுதான், அடுக்களையில் தூக்குவாளி இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது, சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோவின் இரண்டு பிரதியில் ஒன்று மிஞ்சியது, பேச்சிமுத்து வெட்டிவைத்த கோணல் கவுன்கள் இரண்டும் இருந்தன. காற்று பிள்ளைகளிடம் வந்து நின்றது. பூரணி தரையில் உட்கார்ந்து துணுக்குத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் முடி லேசாகப் பறந்தது, அவள் உருவத்தின் ஓரம் தண்ணீர் பட்ட கோலம் மாதிரி மங்கியது. தாரணி போய்த் தங்கச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். காற்று தாரணியைத் திறந்து பார்த்தது, பூரணியைத் திறந்து பார்த்தது, மறுபடி தாரணியைத் திறந்து பார்த்தது. பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது, அங்கே ஒரு முறம் விழுகிற சத்தம் கேட்டது.

பூரணி நிமிர்ந்து பார்த்து, "ஏன் கையப் புடிக்க?" என்றாள். தாரணி, "சும்மா," என்றாள். அந்தச் சும்மாதான் அவர்களுக்கு நடுவில் விழுந்த முதல் தையல்.

சாயங்காலம் ஸ்கிரிப்ட் வடக்குத் தெருவின் கடைசி வீட்டையும் முடித்துக் குளக்கரைக்குப் போய், தண்ணீரில் தெரிந்த மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை எப்படி எடுத்துக்கொண்டதோ, நின்றது. ஊர் பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை, சண்முகத்தாய் சித்தி இன்னும் இட்லியைக் குத்துகிறாள், தைக்கிறவர்கள் இன்னும் உள்மடிப்பில் ஒரு தையலை மாற்றுகிறார்கள், வாங்குகிறவர்கள் எங்கள் ஊர் நைட்டியைத் திருப்பிப் பார்த்து அந்தத் தையலைத் தேடுகிறார்களாம். மாடத்தி மதினியின் ஆடு அடுத்த ஈற்றில் ஒரே ஒரு குட்டி போட்டது.

தாரணி யாரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் தங்கச்சியை முன்னால் விடுகிறாள், பஸ் வந்தால் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நிமிர்ந்து பூரணி இருக்கிறாளா என்று பார்க்கிறாள், பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், அந்தப் பார்வை ஒரு பெரிய மனுஷியின் பார்வை, அதற்கு முன்னால் நான் கண்ணைத் தாழ்த்தி ரசம் ஊற்றுகிறேன். அன்றைக்குக் குழாயடியில் அம்மா என்ன சொன்னாள் என்று பூரணி தினமும் கேட்கிறாள், ஒருநாள் அல்வா வாங்கித் தருவதாகச் சொன்னாள் என்று பதில் வரும், இன்னொருநாள் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாள் என்று வரும்.

நேற்றுக் காலையில், மறுபடி வளர்ந்துவிட்ட முடியை ஜடை பின்னும்போது பூரணி என் மடியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள், "எனக்கும் ஒண்ணு இருக்கு. அவகிட்ட சொல்ல மாட்டேன். உன்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் சீப்பை வைத்தேன். என்னவாக இருக்கும் என்று எனக்குள் பரபரவென்று வந்தது. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே கறுப்புத் திரையோடு திறந்துதான் இருந்தது, எதையும் உள்ளே திறந்து பார்க்கிற ஸ்கிரிப்ட் அதில் இருக்கிறது, பெயரைச் சொன்னால் போதும், ஓடிப் போய்ப் பார்த்து வந்து சொல்லும். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன், பிறகு அவள் முடியை மூன்றாகப் பிரித்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் என்று பின்ன ஆரம்பித்தேன்.